மருத்துவர் பதில்கள்: எஞ்சிய குடலை நீட்ட முடியுமா?

கேள்வி: என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். பிறந்த சில நாட்களில் குடல் முறுக்கிக்கொண்டு, அழுகிப்போன பகுதியை வெட்டி எடுத்தார்கள். சிறுகுடலில் 45 செ.மீ. மட்டுமே மிச்சம் என்றும், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் உள்ள வால்வும் போய்விட்டது என்றும் சொன்னார்கள். இப்போது அவளுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. பெரிய சிரையில் போட்டிருக்கும் சென்ட்ரல் லைன் என்ற குழாய் வழியாக, ஊட்டச்சத்தை நேரடியாக இரத்தத்தில் ஏற்றும் டி.பி.என். திரவம் ஏறுகிறது. வாய் வழியாகக் கொடுக்கும் பாலைச் சற்றுக் கூட்டினாலும் வயிறு உப்பி வாந்தி எடுக்கிறாள். குடல் விரிந்துவிட்டது, நீட்டிப்பு அறுவை செய்யலாம் என்று இப்போது கூறுகிறார்கள். குடலை எப்படி நீட்ட முடியும்? நீட்ட முடியும் என்றால் முதல் அறுவையிலேயே ஏன் நீட்டவில்லை? – ஒரு தந்தை, வியாசர்பாடி

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை தெரிந்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். இந்த அறுவையில் புதிய குடல் எதுவும் உருவாக்கப்படுவதில்லை. அளவுக்கு மீறி அகன்றுபோன குடலின் அகலத்தைக் குறைத்து, அந்தக் கூடுதல் அகலத்தை நீளமாக மாற்றுகிறார்கள். பிறந்த சில நாட்களில் உங்கள் மகளின் குடல் அகன்றிருக்கவில்லை. அன்று நீட்டுவதற்கு உபரியாக எதுவும் இல்லை. ஆகவே அன்று செய்யாமல் விட்டதில் மருத்துவர்களின் தவறு எதுவும் இல்லை.

காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் சிறுகுடல் ஏறத்தாழ 250 செ.மீ. நீளம் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் அது ஏறக்குறைய இரு மடங்காக நீள்கிறது. ஆகவே ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு எஞ்சிய 45 செ.மீ. குடலுக்கு, நிறைமாதக் குழந்தைக்கு எஞ்சிய அதே 45 செ.மீ. குடலைவிட வளர்வதற்கான வாய்ப்பு அதிகம். தவிர, பெரும்பகுதியை இழந்த குடல் தானாகவே தன்னைத் தகவமைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகள் உயரமாகின்றன, சுவர் தடிக்கிறது, குழல் அகல்கிறது. தாய்ப்பாலோ பொருத்தமான பால்மாவோ சிறிதளவாவது வாய் வழியாகவோ உணவுக்குழாய் வழியாகவோ உள்ளே சென்றுகொண்டிருந்தால்தான் இந்த மாற்றம் நடக்கும். இந்தத் தகவமைப்பு மட்டுமே போதுமானதாகி, எந்த நீட்டிப்பு அறுவையும் இல்லாமல் டி.பி.என். இலிருந்து விடுபடும் குழந்தைகள் பலர். அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்காமல் அவசரப்பட்டு வெட்டுவது நியாயமாகாது.

ஆனால் சில குழந்தைகளிடம் இந்த அகலல் எல்லை மீறிவிடுகிறது. குடலின் இரு சுவர்களும் ஒன்றையொன்று அழுத்தினால்தான் உணவு முன்னே தள்ளப்படும். குழல் 4 செ.மீ. அளவுக்கு அகன்றுவிட்டால் தசை சுருங்கினாலும் உணவு நகராமல் அங்கேயே முன்னும் பின்னும் அலைகிறது. தேங்கிய உணவில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன, வயிறு உப்புகிறது, வாந்தி வருகிறது. அந்த நுண்ணுயிர்கள் குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலந்து காய்ச்சலை உண்டாக்கவும் கூடும். பாலைக் கூட்டும்போதெல்லாம் உங்கள் மகள் வாந்தி எடுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். குடலின் நீளம் போதாமை (இதையே குட்டைக் குடல் என்கிறோம்) ஒரு குறை என்றால், இருக்கும் நீளமும் ஒழுங்காக வேலை செய்யாதது அதன்மேல் வந்து சேர்ந்த இன்னொரு குறை. நீட்டிப்பு அறுவை இந்த இரண்டாவது குறையைத்தான் முதன்மையாகச் சரிசெய்கிறது. எத்தனை சென்டிமீட்டர் கூடியது என்பதையே பெற்றோர் கேட்கிறார்கள். குழல் குறுகி உணவு சீராக நகரத் தொடங்கியதா என்பதுதான் அதைவிட முக்கியம் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி முறைகளைப் பற்றிச் சொல்கிறேன். 1980-இல் ஏட்ரியன் பியான்கி என்ற குழந்தைகள் அறுவை மருத்துவர் பன்றிகளில் செய்து பார்த்து முதல் முறையை வெளியிட்டார். குடலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் குடற்பிணைச் சவ்வின் இரண்டு அடுக்குகள் வழியாக இரு பக்கங்களுக்கும் தனித்தனியே பிரிந்து செல்கின்றன. அந்த இரண்டு அடுக்குகளுக்கு இடையே நுணுக்கமாகப் பிரித்து, அகன்ற குடலை நெடுக்குவாக்கில் இரண்டு குறுகிய குழல்களாக ஆக்கி, ஒன்றின் முனையை மற்றதன் முனையோடு இணைத்தால், அகலம் பாதியாகி நீளம் இரு மடங்காகும். பாதி சுவருக்குப் பாதி இரத்த ஓட்டம் என்று இயற்கையே பிரித்து வைத்திருப்பதைக் கண்டுகொண்டதுதான் அவருடைய மேதைமை. ஆனால் ஒரு சிறு இரத்தக் குழாய் அறுபட்டாலும் அந்தப் பகுதி கருகிவிடும் என்பதால் மிகுந்த பயிற்சி வேண்டும். குடலும் சீராக அகன்றிருக்க வேண்டும்.

2003-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஹியூங் பே கிம்மும் அவருடைய சகாக்களும் எளிய மாற்று ஒன்றை வெளியிட்டார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை 'ஸ்டெப்' என்று அழைக்கிறார்கள். திருவிழாவுக்குக் காகிதத் தோரணம் கத்தரிக்கும்போது, மடித்த தாளை இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு என்று மாற்றி மாற்றிப் பாதிக்கு மேல் வெட்டி இழுத்தால் அது நீண்டுகொண்டே போகுமல்லவா, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான். வெட்டுவதும் தைப்பதும் ஒருசேர நடக்கும் ஸ்டேப்ளர் கருவியை அகன்ற குடலின் குறுக்கே, எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து மாறி மாறிச் செலுத்துகிறார்கள். அகன்ற குழல், வளைந்து வளைந்து செல்லும் குறுகிய பாதையாக மாறுகிறது. குடல் சுவரில் இரத்தக் குழாய்கள் ஓடுவதும் அதே குறுக்குத் திசையில்தான் என்பதால் அவை அறுபடுவதில்லை. இரு முனைகளையும் துண்டித்து இணைக்க வேண்டிய தேவையும் இல்லை. பிற்காலத்தில் குடல் மறுபடியும் அகன்றால் அதே இடத்தில் இன்னொரு முறையும் செய்யலாம். முதன்முதலில் இந்த முறையில் அறுவை செய்யப்பட்ட குழந்தை, ஏற்கெனவே பியான்கி முறைக்கு உட்பட்ட ஒரு குழந்தைதான். 2011-க்குப் பிறகு, குடலைச் சுருள்வடிவில் வெட்டி நீட்டும் மூன்றாவது முறையும் வந்திருக்கிறது. அது இன்னும் பரவலாகவில்லை.

உங்கள் மகளுக்கு அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். குடல் அகன்றதற்குக் காரணம் தகவமைப்புதானா, அல்லது முன்பு இணைத்துத் தைத்த இடம் சுருங்கி, அதற்கு மேலே உள்ள பகுதி அடைப்பினால் வீங்கியிருக்கிறதா என்பது முதலாவது. மருந்து குடிக்கவைத்து எடுக்கும் தொடர் எக்ஸ்ரே இதைக் காட்டிவிடும். அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை, அதற்குப் பிறகு நீட்டிப்பு தேவைப்படாமலும் போகலாம். இரண்டாவது, கல்லீரல். நெடுநாள் டி.பி.என். ஏறும் குழந்தைகளுக்குக் கல்லீரலில் பித்தம் தேங்குகிறது. பித்த நிறமியான பிலிருபின் அளவு இரத்தத்தில் வெகுவாக உயர்ந்த பிறகு செய்யப்படும் நீட்டிப்பு அறுவைகளில் இழப்புகள் அதிகம். கல்லீரலைக் காக்க மீன் எண்ணெய் கலந்த கொழுப்புத் திரவம் பொருந்துமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றாவதாக, அறுவைக்குப் பிறகு டி.பி.என். தயாரித்து, இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, வாரந்தோறும் அளவை மாற்றித் தர அந்த மருத்துவமனையில் ஒரு குழு இருக்கிறதா என்று பாருங்கள். கத்தி பிடிக்கும் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், பிறகு வரும் மாதங்களில்தான் குழந்தையின் எதிர்காலம் தீர்மானிக்கப்படுகிறது.

பலனைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டெப் அறுவை பெற்ற குழந்தைகளுக்கென்று 2004-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுப் பதிவேட்டின் முடிவுகள் 2013-இல் வெளியானபோது, டி.பி.என். ஐச் சார்ந்திருந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதிலிருந்து முழுமையாக விடுபட்டிருந்தார்கள். அறுவைக்கு முன்பே குடல் ஓரளவு நீளமாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. முழுமையாக விடுபடாதவர்களில் சிலருக்கு டி.பி.என். நேரம் குறைந்தது. ஓர் இரவு குழாய் இல்லாமல் உறங்குவதும் ஒரு குழந்தைக்குப் பெரிய பேறு. ஆனால் அறுவை முடிந்த மறுவாரமே குழாயைக் கழற்றிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அது மாதக் கணக்கில், சிலருக்கு ஆண்டுக் கணக்கில் நடக்கும் வேலை. தையல் கசிவு, தைத்த வரிசையில் இரத்தக்கசிவு, குடல் ஒட்டிக்கொள்ளுதல், மீண்டும் அகலுதல் ஆகியவை நேரக்கூடிய சிக்கல்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் வாயை மறந்துவிடாதீர்கள். மாதக் கணக்கில் எதையும் சுவைக்காத குழந்தை, பின்னாளில் குடல் தயாரான பிறகும் உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. மருத்துவர் அனுமதிக்கும் அளவில், நாள்தோறும் சில துளிப் பாலாவது, பிறகு மசித்த சோற்றில் ஒரு விரல்நுனி அளவாவது அவள் நாவில் படட்டும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 46. குடலுக்குச் செல்லும் தமனியில் இரத்தம் உறைந்து அடைத்ததால் பெரும்பகுதிச் சிறுகுடலை எடுத்துவிட்டு, மீதமுள்ள 90 செ.மீ. குடலைப் பெருங்குடலோடு இணைத்திருக்கிறார்கள். ஐந்து மாதங்கள் ஆகின்றன. குழந்தைகளுக்குச் செய்யும் நீட்டிப்பு அறுவையை இவருக்கும் செய்ய முடியுமா? – ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: வளர்ந்தவர்களுக்கும் செய்திருக்கிறார்கள் என்றாலும், அது அரிது. பெரியவர்களின் குடல் குழந்தைகளின் குடலைப் போல அவ்வளவாக அகல்வதில்லை, அகலாத குடலை நீட்ட இயலாது. அதற்காக மனம் தளர வேண்டாம். உங்கள் கணவருக்கு நம்பிக்கை தரும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அவருக்குப் பெருங்குடல் இருக்கிறது. நீரையும் உப்பையும் மீட்டெடுப்பதோடு, சிறுகுடல் செரிக்காமல் விட்ட மாவுப்பொருளைப் புளிக்கவைத்து அதிலிருந்தும் சக்தியைப் பெற்றுத் தருவது அது. சிறுகுடல் நேரடியாகப் பெருங்குடலோடு இணைந்திருப்பவர்களில் 60 செ.மீ.க்கு மேல் எஞ்சியிருந்தால் டி.பி.என். இலிருந்து விடுபட நல்ல வாய்ப்பு உண்டு என்பது பல ஆய்வுகளின் முடிவு. இன்னொன்று காலம். பெரியவர்களுக்குத் தகவமைப்பு இரண்டு ஆண்டுகள் வரை தொடர்கிறது. ஐந்து மாதங்களில் எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

இந்த இடைக்காலத்தில் உணவுதான் மருந்து. சோறு, இட்லி, இடியாப்பம் ஆகியவற்றைச் சிறு சிறு அளவாக நாளுக்கு ஆறு ஏழு முறை கொடுங்கள். எண்ணெயை மட்டுப்படுத்துங்கள். சர்க்கரை கலந்த காபி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவை குடலுக்குள் நீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். பெருங்குடல் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் உருவாகும் அபாயமும் உண்டு. எனவே பசலைக்கீரை, வேர்க்கடலை, அடர்த்தியான தேநீர் ஆகியவற்றைக் குறைத்து, கால்சியம் போதிய அளவு கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதி போயிருந்தால் வைட்டமின் பி12 ஊசி வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். தமனி ஏன் அடைத்தது என்பதைக் கண்டுபிடித்து, இரத்தம் மறுபடி உறையாமல் தடுக்கும் மருந்தை இடைவிடாமல் கொடுப்பது இவை அனைத்தையும்விட அவசரமானது. எஞ்சிய 90 செ.மீ.யையும் இழக்க நேர்ந்தால் எந்த அறுவையும் ஈடு செய்யாது.

உட்சுவர் வளர்ச்சியைத் தூண்டும் டெடுகுளூடைடு என்ற ஊசிமருந்து 2012 முதல் அமெரிக்காவில் பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்டுள்ளது. விலை மிக மிக அதிகம். இரண்டு ஆண்டுகள் கழிந்தும் டி.பி.என். தொடர்ந்தால் அப்போது அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசலாம்.

கேள்வி: குட்டைக் குடலுக்கு இளநீர் நல்லதா? – வாசகர், மயிலாப்பூர்

பதில்: அளவோடு என்றால் தீங்கில்லை, ஆனால் உப்புக் கரைசலுக்கு அது மாற்று அல்ல. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. குட்டைக் குடல் உள்ளவர்கள் மலத்தில் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். அக்னி நட்சத்திர நாட்களில் வியர்வையிலும் உப்பு போகும்போது, இளநீரையும் வெறும் தண்ணீரையும் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தால் சோர்வும் தலைச்சுற்றலும் கூடும். ஓ.ஆர்.எஸ். கரைசலையோ உப்பிட்ட அரிசிக் கஞ்சியையோ கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் அருந்துவது மேல்.

கேள்வி: ஆறு வயதான என் பேரனுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே குடல் நீட்டிப்பு அறுவை நடந்தது. டி.பி.என். நின்று மூன்று ஆண்டுகளாகின்றன, பள்ளிக்கும் போகிறான். சில மாதங்களாக, பண்டிகை நாளில் இனிப்பும் சோறும் நிறையச் சாப்பிட்டால் சில மணி நேரத்தில் தள்ளாடி நடக்கிறான், பேச்சு குழறுகிறது, தூங்கி வழிகிறான். தலை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். – ஒரு பாட்டி, வேளச்சேரி

பதில்: அம்மா, இனிப்பையும் தள்ளாட்டத்தையும் சேர்த்துப் பார்த்தீர்களே, அந்தக் கவனிப்புதான் நோயைக் கண்டறிய உதவப் போகிறது. குட்டைக் குடல் உள்ள குழந்தைகள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் நிறைய உண்ணும்போது, உறிஞ்சப்படாத மிச்சம் பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்குள்ள சில நுண்ணுயிர்கள் அதை டி-லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. நம் உடலால் அதை விரைவாக அகற்ற முடிவதில்லை. அது இரத்தத்தில் கூடும்போது மூளை மந்தமாகி, நீங்கள் சொன்ன அதே அறிகுறிகள் தோன்றுகின்றன. வழக்கமான லாக்டேட் பரிசோதனை லாக்டிக் அமிலத்தின் வேறு வகையைத்தான் அளக்கும் என்பதால் முடிவு இயல்பாகவே வரக்கூடும். இதனால் பலர் நரம்பு நோய் என்று அலைகிறார்கள்.

அடுத்த முறை இப்படி நேர்ந்தால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, "இவனுக்குக் குட்டைக் குடல், டி-லாக்டிக் அமிலமாக இருக்குமா என்று பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். இரத்தத்தின் அமிலத்தன்மையை அளந்தாலே ஓரளவு புலப்பட்டுவிடும். அதுவரை சர்க்கரை, இனிப்புப் பண்டம், பழச்சாறு ஆகியவற்றை நிறுத்துங்கள். சோற்றை ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல் பிரித்துக் கொடுங்கள். நுண்ணுயிர்ப் பெருக்கத்துக்கு மருத்துவர் மருந்து தருவார்.

மருந்தோடு விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நன்றாக இருந்த குழந்தைக்குப் புதிதாக இந்தத் தொல்லை தொடங்கினால், நீட்டிய குடல் மறுபடி அகன்று உணவு தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையின் அறுவை மருத்துவரிடம் காட்டி, தொடர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அகன்றிருந்தால் இரண்டாம் முறை ஸ்டெப் செய்யலாம், அல்லது அகலத்தை மட்டும் குறைக்கலாம். முன்பு செய்த அறுவை வீணாகிவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. டி.பி.என். இல்லாமல் அவனை மூன்று ஆண்டுகள் வளர்த்தது அந்த அறுவைதான்.

கேள்வி: சென்னையிலேயே சிறுகுடல் மாற்று அறுவை செய்கிறார்களே, பிறகு எதற்கு இந்த நீட்டிப்பு? – வாசகர், அம்பத்தூர்

பதில்: செய்கிறார்கள், அதற்கான உறுப்புப் பகிர்வைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் முறைப்படுத்துகிறது. ஆனால் மாற்றப்பட்ட உறுப்புகளில் உடல் மிகக் கடுமையாக எதிர்க்கும் உறுப்புகளில் ஒன்று குடல். எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் அதிக அளவில் உண்ண வேண்டியிருப்பதால் தொற்று ஓயாது. கல்லீரல் பழுதாகிவிட்டவர்களுக்கும், சென்ட்ரல் லைன் போடச் சிரைகளே மிஞ்சாதவர்களுக்கும், உயிரைப் பறிக்கும் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கும் அது உயிர்காக்கும் வழி. மற்றவர்களுக்கு, சொந்தக் குடலால் வாழ ஒரு வாய்ப்பு இருக்கும்வரை அதை முயன்று பார்ப்பதே சரி. நீட்டிப்பு செய்துகொண்டவர்களுக்குப் பின்னாளில் மாற்று அறுவையும் செய்யலாம், எனவே வழி எதுவும் அடைபடுவதில்லை.

கேள்வி: சென்ட்ரல் லைன் உள்ள எங்கள் குழந்தைக்கு இரவில் காய்ச்சல் வந்தால், பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் ஓ.பி.யில் காட்டினால் போதுமா? – ஒரு தாய், கொளத்தூர்

பதில்: போதாது. குழாய் உள்ள குழந்தைக்கு வரும் காய்ச்சலை, வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை, இரத்தத்தில் பரவிய தொற்றாகவே கருத வேண்டும். உடல்சூடு 38 டிகிரி செல்சியஸை எட்டினாலோ, டி.பி.என். ஏற்றத் தொடங்கியதும் குளிர் நடுக்கம் எடுத்தாலோ, நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். குழாயிலிருந்தும் கையிலிருந்தும் இரத்தம் எடுத்து, கிருமியை வளர்த்துக் கண்டறியும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இப்படிப்பட்ட குழந்தையை முன்பு பார்த்திராமல் இருக்கலாம். ஆகையால் எஞ்சிய சிறுகுடலின் நீளம், பெருங்குடல் எவ்வளவு இருக்கிறது, செய்த அறுவைகளும் தேதிகளும், குழாயின் வகை, முன்பு வந்த கிருமியின் பெயர், ஒவ்வாத மருந்துகள், உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, குழந்தையின் பையில் எப்போதும் வைத்திருங்கள்.